சலித்தெடுத்த பல்

லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இரும்பைக் கடைந்தவருக்கு லேசில் யார் வேலையும் பிடித்துவிடாது. மனைவியோடு பல் மருத்துவரிடம் போன அன்றும் அரைமனதாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

தையல்காரியான அவர் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை பிளந்து, சுற்றியிருந்த தாடை எலும்பும் கரைந்துபோயிருந்தது. புதுப்பல்லுக்குத் திருகு இறக்கினால் பிடித்து நிற்க எலும்பு வேண்டும்.

"மாட்டெலும்புத் தூள் போட்டு நிரப்பலாம்," என்றார் மருத்துவர். முப்பதைத் தாண்டாத பெண்.

"ஐயய்யோ, அதெல்லாம் என் வாயில வேணாம் டாக்டர்!"

"அப்ப உங்க பல்லையே போடலாங்க்கா. பின்னாடி ஒரு ஞானப்பல் கோணலா படுத்துக்கிட்டு வலி குடுக்குதே, அதையும் எடுக்கத்தானே போறோம்? அரைச்சு வச்சா எலும்பு அதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். பல்லும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு."

"இவளுக்கு ஞானப்பல் வேற இருக்கா?" என்ற கணவரை முறைத்தாள் மனைவி.

கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவள் அடம்பிடித்ததால் அவரும் உள்ளே போனார். இரண்டு பல்லும் வெளியே வந்தன. மருத்துவர் ஞானப்பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த சதையையும் அழுக்கையும் பொட்டு விடாமல் சுரண்டினார். உலர்த்தி, கைக்கடக்கமான அரவை இயந்திரத்தில் போட்டார். மூன்றே நொடிதான். கல்லுப்பை நுணுக்கியது போல் வெள்ளைக் குருணை விழுந்தது. அதைச் சலித்து, நைசை ஒதுக்கினார்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "நல்ல தூளை ஏன் தள்ளுறீங்க டாக்டரம்மா?"

"ரொம்ப நைசா இருந்தா உடம்பு சீக்கிரம் கரைச்சிடும்ணே. எலும்பு வளர்ற வரைக்கும் தாங்கணும். கால் மில்லிமீட்டருக்குக் கீழ வேணாம்."

மில்லிமீட்டர் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குருணையை மருந்தில் ஊறவைத்துக் கழுவி, அவள் ரத்தத்திலேயே குழைத்து, பிளந்த பல் இருந்த குழியில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பித் தைத்தார் மருத்துவர். மரத்துப்போன வாயோடு கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள் மனைவி.

"தையல் ஒரே சீரா இருக்குங்க," என்று குழறினாள். அவள் வாயால் இன்னொருவர் தையலைப் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை.

நாலு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் குழி தூர்ந்து எலும்பு நிறைந்திருந்தது. திருகை இறக்கி முறுக்கிப் பார்த்த மருத்துவர், "அசையல அக்கா. உங்க பல்லு உங்களைக் கைவிடல," என்று சிரித்தார்.

பட்டறையில் கணவர் அந்த எக்ஸ்ரேயைக் கைப்பேசியில் காட்டாத ஆள் பாக்கியில்லை. "அந்தப் பொண்ணு கையில ஒரு பிசிறு கிடையாதுப்பா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

புதுப்பல் வைத்த அன்று மனைவி அந்தப் பக்கமாகவே ஒரு கொய்யாவைக் கடித்தாள். அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க, என்னைப் பாத்ததே இல்லாத மாதிரி?"

"உன்னை யாரு பாத்தா? வேலையைப் பாக்குறேன்," என்றார்.