தோற்ற வீட்டுக்குப் போகும் முதல் தட்டு

என் தம்பி ஸர்கூன் பந்தடிக்கும் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன், தூங்கினேன், கனவு கண்டேன். எங்கள் ஊர் ஸ்குவாஷ் களத்துக்குக் கூரை கிடையாது. விடியலில் பனி அந்த நாலு சுவருக்குள் இறங்கி நிற்கும். ஆள் தெரியாது, டப், டப் என்று பந்து மட்டும் கேட்கும். சில நாள் அந்தச் சுவரே மூச்சு விடுவதுபோல் இருக்கும். நான் ரொட்டி தட்டுவதை மறந்து நிற்பேன், அம்மா திட்டுவாள்.

அவன் லண்டனில் ஜெயித்தான், கெய்ரோவில் ஜெயித்தான். ஆறு வருடமாக அவனைத் தோற்கடிக்க ஆளில்லை. பெருமைதான், இல்லாமலா? ஆனால் தினமும் அவனோடு ஆடி ஆடி அவனைத் தீட்டிவிட்டவர் என் கணவர் மீர்சமான். பெரியப்பா மகன்; எங்கள் ஊரில் அப்படிக் கட்டுவதுதான் வழக்கம். பெஷாவர் கோப்பைக்கு வருடா வருடம் கடைசியில் இவர்கள் இருவரும்தான் நிற்பார்கள். வருடா வருடம் இவர்தான் தோற்பார்.

ஜெயித்த வீட்டார் கூரையேறித் துப்பாக்கி வெடிப்பார்கள். பிறகு ஜர்தா கிண்டி, முதல் தட்டைத் தோற்ற வீட்டுக்கு அனுப்புவார்கள். மனசில் எதுவும் தங்கக் கூடாதல்லவா. அம்மா அனுப்பும் அந்த மஞ்சள் இனிப்புச் சோற்றை நான் நெய் வழியச் சாப்பிடுவேன். இவர் தொடமாட்டார்.

"உங்கம்மா கை மணம் ஊருக்கே தெரியும். என் தொண்டைக்குத்தான் தெரியல," என்பார்.

இந்த வருடம் நான் முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எங்கள் கூரையிலேயே துப்பாக்கி வெடித்தது. மாமனாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"என்ன பெரியப்பா இது! ஜெயிச்ச வீடு அந்தப் பக்கம்!"

"அடி போடி இவளே! ரேடியோவுல சொல்லிட்டான். உன் புருஷன் ஜெயிச்சுட்டான்டி!"

மனிதர் அழுதுகொண்டே சுட்டார். எங்கள் வீட்டில் ஜர்தாவுக்குச் சர்க்கரைகூட இல்லை. யார் எதிர்பார்த்தார்கள்? பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கிண்டினேன்.

சாயங்காலம் கோப்பையோடு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கடைசி ஆட்டத்துல அவன் ஓடவே இல்ல, பல்வஷா. அக்கா புருஷனாச்சேன்னு பிச்சை போட்டுட்டானோ?"

"போட்டாத்தான் என்ன?"

"போட்டிருந்தா இனி இந்தக் கையால மட்டையைத் தொடமாட்டேன். இந்த ஊர்லயும் இருக்கமாட்டேன்."

சும்மா சொல்லவில்லை. எங்கள் ஆண்களுக்குக் குண்டடி தாங்கும், இரக்கம் தாங்காது. ஸர்கூனோ சின்ன வயதில் என் தப்புக்கெல்லாம் தான் அடி வாங்கியவன். செய்யக்கூடியவன்தான், பாவி. கேட்டுவிடுவது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன்.

அவன் முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தூக்கத்திலிருந்து எழுந்து இன்னும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் போலப் பார்த்தான்.

"கனவுல ஓடுவோமே அக்கா, அந்த மாதிரி ஆயிடுச்சு. பந்து தெளிவாத் தெரியுது. போகணும்னு நெனைக்கிறேன். காலு வரல."

"சாப்பிடுடா."

ஒரு வாய் வைத்தான். விழுங்க முடியவில்லை. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, மூன்று வயதுப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலகமே பயந்த அந்தத் தலையை நான் மடியில் போட்டுக்கொண்டேன்.

"அவர்கிட்ட சொல்லிடாதே, அக்கா. என்னைப் பாத்துப் பாவப்படுவாரு."

"சொல்லமாட்டேன்டா."

நான் திரும்பி வந்தபோது என் கணவர் எங்கள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கேட்டியா?"

"கேக்கல."

"பின்னே?"

தம்பிக்குக் கொடுத்த வாக்கு ஒரு தெரு தாண்டவில்லை.

"அழுதான். உங்க சோத்தை முழுங்க முடியாம வாய்விட்டு அழுதான்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று குனிந்து பார்த்தால், "அப்போ பிச்சை இல்ல, பல்வஷா!" என்று மனிதர் சிரிக்கிறார்! என் தம்பி கண்ணீருக்கா சிரிப்பு என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. அந்த முதுகையே கட்டிக்கொண்டு, ஸர்கூனுக்காக நான் அழுது தீர்த்தேன்.