கண்மாய்க்குள் ஓர் இன்ஜின் அறை

உடையப்பன் கல்லல் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் நீளமான தகரக் குழாயும் இருந்தன. பெட்டியை வாங்கிக்கொண்ட கூலிக்காரரிடம் குழாயை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அதற்குள் இருந்தது ஒரு போர்க்கப்பலின் வரைபடம். பம்பாயில் கடற்படையின் கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று வருஷம் அவர் இழைத்து இழைத்துப் போட்ட படம். ஃபிரிகேட் என்று சொல்லும் ரகம். பெரிய கப்பல்களுக்குத் துணையாகவும், துறைமுக வாசலுக்குக் காவலாகவும் நிற்கிற நடுத்தரக் கப்பல். அடுத்த செவ்வாய்க்கிழமை பம்பாயில் கூடும் குழு, அதைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது.

நடுவில் கிடைத்த மூன்று நாளில் அவர் ஊருக்கு வந்ததற்குக் காரணம் தங்கை அழகியின் புருஷன் மருது. மருது கடற்படையில் இன்ஜின் அறை ஆள். பதினாறு வருஷ சர்வீஸ். இரண்டு மாதம் முன்பு அவன் இருந்த பழைய கப்பலில் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் நாலு பேர். வெளியே வந்தவர்கள் இரண்டு பேர். மருதுவின் இரண்டு முன்கைகளும் வெந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"வாங்க மச்சான்" என்றான் மருது. கும்பிட முடியாமல் கட்டுப்போட்ட கைகளைச் சற்று உயர்த்தினான். அது 1973, வைகாசி மாதம். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

முதல் நாள் தீயைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் மருதுவே தகரக் குழாயைக் கண்ணால் காட்டினான்.

"அதுதானா நீங்க போட்ட கப்பலு?"

"வெளியாளுக்குக் காட்டக்கூடாது மாப்பிள்ளை."

"நான் வெளியாளா? நாளைக்கு அதுக்குள்ள எறங்கப்போறவன் நான்தானே."

உடையப்பன் எழுந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துத் தரையில் படத்தை விரித்தார். நாலு மூலைக்கும் நாலு சொம்பு வைத்தார். மருது முழங்காலிட்டுக் குனிந்தான். பீரங்கியைப் பார்க்கவில்லை, ராடாரைப் பார்க்கவில்லை. நேரே நடுவுக்குப் போய்விட்டான்.

"இன்ஜின் ரூம் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ரெண்டு டீசல் இன்ஜினும் பக்கத்துல பக்கத்துல."

"ஏணி?"

"பின்பக்கம் ஒண்ணு."

"முன்பக்கம்?"

"முதல்ல இருந்துச்சு. மூணாவது ஜெனரேட்டர் வைக்க இடம் பத்தல. எடுத்துட்டோம்."

மருது நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஐயனாரு முன்பக்கந்தான் நின்னான் மச்சான்" என்றான்.

ஐயனார் ஒக்கூர்க்காரன். மருதுவோடு ஒரே நாளில் ஆள் எடுப்பில் சேர்ந்தவன். வெளியே வராத இரண்டு பேரில் ஒருவன். உடையப்பனுக்கு அவனைத் தெரியும். அழகியின் கல்யாணத்தில் இலை போட்டவன் அவன்.

அன்று முழுக்க வீட்டில் வாக்குவாதம். உடையப்பன் தன் கட்சியை மறைக்காமல் சொன்னார். இன்ஜின் அறையை இரண்டாகப் பிரித்தால் நடுவே தடுப்புச் சுவர் வேண்டும். கப்பல் ஏழு மீட்டர் நீளும். நீண்டால் கனக்கும். கனத்தால் இன்னும் வலுவான இன்ஜின், இன்னும் அதிக எண்ணெய், அதற்கு இன்னும் இடம். ஆறு கப்பல் கட்ட ஒதுக்கிய பணத்தில் ஐந்துதான் தேறும், சில சமயம் நாலு.

"ஒரு எடத்துல தண்ணி பூந்தா ரெண்டு இன்ஜினும் போயிரும். கப்பல் நடுக்கடல்ல கட்டை மாதிரி நிக்கும். அப்படி ஆறு வச்சு என்ன செய்யப் போறீக?"

"அஞ்சு கப்பல் ஆறு எடத்துல நிக்குமா? காவல் இல்லாத எடத்துல சரக்குக் கப்பலை அடிச்சா, அதுல இருக்கவன் ஆளு இல்லையா?"

மருது எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். உடையப்பனுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அவர் சொல்லாத ஒன்று இன்னும் இருந்தது. குழுவின் மேஜையில் இன்னொரு படமும் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெரிய நீராவிக் கப்பல். இதே செலவுக்கு மூன்று கிடைக்கும், தயாராகக் கட்டியே கொடுப்பார்கள். அதில் இன்ஜின் அறை இரண்டு. தன் படத்தில் ஓட்டை இருக்கிறது என்று தானே வாய்திறந்தால் குழு அந்தப் பக்கம் சாயும். நம் கப்பல் கட்டும் தளத்து ஆட்கள் இன்னும் பத்து வருஷத்துக்கு அடுத்தவன் கட்டிய கப்பலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மருது வீட்டில் இல்லை. அழகி அண்ணனிடம் வந்து, "கண்மாய்க்குள்ள நிக்கிறாக. பெரியகருப்பன் அண்ணன்ட்ட ரெண்டு வண்டி கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காக. கையி புண்ணு ஆறாம இப்படி அலைஞ்சா என்னத்துக்காகும்? போயிப் பாருங்கண்ணே" என்றாள்.

கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே வண்டிக்காரர் பெரியகருப்பன் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். மருது காலால் கோடு இழுத்தான். நீளம் பதினாலு மீட்டர், அகலம் பத்து. படத்தில் இருந்த அளவு அப்படியே அவன் மனசில் பதிந்திருந்தது. மாடு அவிழ்த்த இரண்டு பார வண்டிகள் இரண்டு இன்ஜின்களாக நின்றன. நடுவில் முக்கால் மீட்டர் சந்து. ஓரங்களில் பம்புகள் போக அதில் பாதி. கலப்பைகளும் பனங்கட்டைகளும் பம்புகளாகக் கிடந்தன. பின்கோடியில் ஓர் ஏணியைக் கவட்டைக் கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தான்.

"ஒங்க ரூமு மச்சான். அளவு சரியான்னு பாத்துக்கங்க."

உடையப்பன் எட்டு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மூன்று வருஷமாக விரல் நுனியில் அளந்த அறைக்குள் அவர் நின்றது இதுவே முதல் தடவை.

"இந்த முன்மூலையில நில்லுங்க. துண்டைக் கண்ணுல கட்டிக்கங்க. ஒரு மூச்சு இழுத்து அடக்கிக்கங்க. புகைக்குள்ள அந்த ஒரு மூச்சுதான். ஏணிக்குப் போங்க. நான் எண்ணுறேன்."

உடையப்பன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். வழி தெரியும் என்றுதான் நினைத்தார். மூன்றாவது எட்டிலேயே கலப்பை முழங்காலில் இடித்தது. திரும்பியதில் திசை போயிற்று. கையில் பட்டது வண்டிச் சக்கரம். எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. மருதுவின் குரல் எண்ணிக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டில் நெஞ்சு அடைத்தது. முப்பத்திரண்டில் வாயைத் திறந்துவிட்டார். துண்டை அவிழ்த்தபோது ஏணி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்ன உடையப்பன், கண்ணாமூச்சியா?"

கரையில் ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கி வந்தவர் கமாண்டர் காசிவிஸ்வநாதன், அவருடைய மேலதிகாரி. காரைக்குடியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர், போகிற வழியில் உடையப்பனைக் கூட்டிக்கொண்டு மதுரையில் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

உடையப்பன் விஷயத்தைச் சொன்னார். கமாண்டர் கயிற்றையும் வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "துண்டைக் கொடுங்க" என்றார்.

இருபது எண்ணுவதற்குள் நடுச்சந்து வழியாக நேரே போய் ஏணியைப் பிடித்துவிட்டார். "பார்த்தீங்களா? பழக்கம் இருந்தா போதும்."

"நடுச்சந்துலதான் சார் தீ" என்றான் மருது. பெரியகருப்பன் பனங்கட்டை ஒன்றை இழுத்துச் சந்துக்குக் குறுக்கே போட்டார். "இப்பப் போங்க" என்றான் மருது.

கமாண்டர் மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை ஓரமாகப் போக வேண்டியிருந்தது. மருது எண்ணினான். பன்னிரண்டில் அவர் சக்கரத்துக்கும் ஓரத்துக் கட்டைகளுக்கும் நடுவே நுழைந்தார். பதினெட்டில் சட்டை அச்சாணியில் மாட்டியது. இழுத்தார், வரவில்லை. இருபத்தைந்து. முப்பது. மருதுவின் குரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. முப்பத்தைந்தில் சட்டை கிழிந்தது. நாற்பத்தொன்றில் கமாண்டர் தானே துண்டை இறக்கிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. ஏணிக்கு இன்னும் ஐந்து எட்டு இருந்தது.

"ஐயனாரு இதுல பாதிகூட வரல சார்" என்றான் மருது. "நான் ஏணியில ஏறிக்கிட்டே அவன் பேரைக் கூப்பிட்டேன். அவன் சுவத்தைத் தட்டுனான். முன்பக்கச் சுவத்தை. அங்குட்டு வழி இருக்கும்னு தட்டியிருக்கான்."

பெரியகருப்பன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கமாண்டர்தான் முதலில் அசைந்தார். "படத்தைக் கொண்டுவாங்க" என்றார்.

வீட்டுக் கூடத்தில் மறுபடி நாலு சொம்பு வைத்துப் படத்தை விரித்தார்கள். அழகி கொண்டுவந்த மோர் தொடாமல் இருந்தது. மூன்றாவது ஜெனரேட்டரைப் பின்னாலுள்ள பட்டறை அறைக்குத் தள்ளினால் முன்மூலையில் தொண்ணூறு சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். ஓர் ஏணிக் கூண்டு நிற்கும். பட்டறை சுருங்கும், பரவாயில்லை. உடையப்பன் பென்சிலால் கோடு போட்டார். கமாண்டர் அதன் அடியில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.

"ஏணி சரி சார்" என்றார் உடையப்பன். "ஆனா அறை இன்னும் ஒண்ணாத்தான் இருக்கு. தண்ணி புகுந்தா ரெண்டு இன்ஜினும் போயிடும். அதை ஒரு குறிப்பா எழுதிச் சேர்த்துடலாம்."

"கூடாது." கமாண்டரின் குரல் உயரவில்லை. அதனாலேயே கூடம் இன்னும் இறுகியது. "அந்தக் குறிப்பைப் படிச்ச நிமிஷத்தில் குழு மூணு வெளிநாட்டுக் கப்பலை வாங்கிடும். ரெண்டு பக்கமும் சேர்த்து நமக்கு இருக்கிற கரையின் நீளம் உங்களுக்குத் தெரியும். மூணு கப்பலில் ஒண்ணு எப்பவும் பழுதுபார்க்க நிற்கும். மிச்சம் ரெண்டு. ரெண்டை வச்சு எதைக் காக்கிறது? நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை உடையப்பன். அந்த ரெண்டு பேர் போனது எனக்கும் வலிக்குது. ஆனா கப்பலே இல்லாத இடத்தில் எத்தனை பேர் போவாங்கன்னு யாரும் எண்ணிச் சொல்ல மாட்டாங்க."

மருது ஏதோ சொல்ல வாயெடுத்தான். அழகி அவன் தோளில் கை வைத்தாள்.

மதுரை வரைக்கும் காரிலும் அப்புறம் ரயிலிலும் இருவரும் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். வெளிநாட்டுப் படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு கமாண்டர் எழுந்து அடக்கமாக, தெளிவாக, ஆறு கப்பலின் கட்சியை எடுத்துவைத்தார். நம் இரும்பு, நம் தளம், நம் ஆட்கள். தலைகள் ஆடின. காரியம் முடிந்துவிட்டது என்றே உடையப்பன் நினைத்தார். அப்போது தலைமையில் இருந்த முதியவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இன்ஜின் அறையில் அடிபட்டால் கப்பல் எவ்வளவு வேகத்தில் திரும்பி வரும்?"

கேள்வி கமாண்டருக்கு. அவர் உடையப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் உடையப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. 'மிதமான வேகத்தில்' என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். உடையப்பன் எழுந்தார்.

"திரும்பி வராது சார்" என்றார். "இரண்டு இன்ஜினும் ஒரே அறையில் இருக்கின்றன. இழுத்துக்கொண்டு வர இன்னொரு கப்பல் வேண்டும்."

யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. "இது தெரிந்தே செய்ததா?" என்றார் தலைவர்.

"தெரிந்தே செய்தேன். ஆறு கப்பல் வேண்டும் என்பதற்காக. அறையைப் பிரித்தும் போட்டுக் கொடுக்க என்னால் முடியும். ஆனால் எண்ணிக்கை குறையும். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரியாமல் சொல்லக்கூடாது."

குழு அன்று முடிவு எடுக்கவில்லை. ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதமும் கமாண்டர் உடையப்பனோடு எழுத்தில் மட்டும் பேசினார். ஐப்பசியில் உத்தரவு வந்தது. வெளிநாட்டுக் கப்பல் வேண்டாம். உடையப்பன் படத்தையே எடுத்துக்கொள்வது. இரண்டு இன்ஜின் அறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏணி. எண்ணிக்கை நாலு.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது உடையப்பன் மருதுவிடம் சொன்னார். மருதுவின் கைகள் ஆறியிருந்தன, விரல்கள் மட்டும் முழுக்க மடங்கவில்லை. இனிக் கடலுக்கு வேண்டாம், கரையில் பயிற்சிக் கூடத்தில் வேலை என்று அவனுக்கும் உத்தரவு வந்திருந்தது. அழகி அன்றைக்குக் குலசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நாலுதானா?" என்றான் மருது.

"நாலுதான்."

"கமாண்டரு சொன்னதும் சரிதான், என்ன மச்சான்?"

"சரிதான்."



பம்பாய்க்குத் திரும்பிய அன்று உடையப்பனின் மேஜைமேல் ஒரு சுருள் இருந்தது. பிரித்தால், கடல் வரைபடம். காவலுக்குக் கப்பல் நிறுத்த வேண்டும் என்று முதலில் குறித்திருந்த ஆறு இடங்களில் நாலுக்கு நீல வட்டம். மிச்சம் இரண்டுக்குச் சிவப்பு வட்டம். அதற்குள் எதுவும் எழுதவில்லை. அடியில் கமாண்டரின் சுருக்கொப்பம் மட்டும் இருந்தது.

உடையப்பன் அதை மடித்து வைக்கவில்லை. படம் வரைகிற பலகைக்கு நேர் எதிரே, தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் நாலு ஆணி அடித்து மாட்டினார். பிறகு புதுத்தாள் ஒன்றை விரித்து, ஏழு மீட்டர் கூடுதல் நீளத்துக்கு முதல் கோட்டைப் போட்டார்.