மின்னிக்கு இரும்புச் சட்டை

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த கோசலா கொம்பியூட்டரைப் போட்டபோது மின்னி நடக்கும் சத்தம் மாறியிருந்தது.

மின்னி, கோசலா ஒரு சீடி விளையாட்டுக்குள் உருவாக்கி வைத்திருந்த கள்ளி. சின்ன உருவம், கறுப்பு அங்கி, மெல்லிய தோல் சப்பாத்து. அவள் நடந்தால் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. இன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் யாரோ தகரப் பேணியைக் கல்லில் மோதுவது போலக் கேட்டது. கோட்டைச் சுவரின் நிழலில் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். மூலையில் நின்ற காவலன் திரும்பினான். வாசலில் தூங்கி வழிந்த கிழட்டுக் காவலன்கூட எழும்பி நின்று பந்தத்தை உயர்த்தினான். அரை நிமிடத்தில் ஐந்தாறு பேர் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

கோசலா விளையாட்டை நிறுத்தி மின்னியின் சாமான் பையைத் திறந்தாள். கறுப்பு அங்கி இல்லை. பூட்டுத் திறக்கும் கம்பிகள் இல்லை. நூலேணி இல்லை. இருந்தவை ஒரு இரும்புச் சட்டை, ஒரு கேடயம், மின்னியின் உயரத்துக்கே ஒரு கோடரி.

"இஞ்சேருங்கோ," என்று கணவனைக் கூப்பிட்டாள்.

ஆரூரன் சிரித்த முகத்தோடு வந்தான். வேலணையில் ஒரு வங்கிக் கிளையில் அவனுக்கு எழுதுவினைஞர் வேலை. அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டான்.

"பாத்திட்டீரே? நேற்று நீர் அந்தச் சுரங்கத்துக்கை மூண்டு ஓநாயிட்டை கடிபட்டுச் செத்தனீரெல்லோ? நான் மூண்டையும் முடிச்சுப்போட்டன். அதோடை மூண்டு லெவல் ஏறினது. பதினைஞ்சு புள்ளி தந்தவங்கள்."

"அந்தப் புள்ளியை என்ன செய்தனீங்கள்?"

"எல்லாம் பலத்துக்குப் போட்டனான். இனி ஒருத்தனும் உம்மை அசைக்கேலாது."

"என்ரை அங்கி எங்கை? கம்பியள் எங்கை?"

"வித்துத்தானே இரும்புச் சட்டை வேண்டினது. உந்தத் துணியை வைச்சு என்ன செய்யிறது?"

கோசலா மௌஸில் இருந்து கையை எடுத்தாள். "நான் அடிபடவே போகேல்லை. ஒருத்தருக்கும் தெரியாமல் போறதுக்கெண்டுதான் இவளைச் செய்தனான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாமோ?"

"பழசை அழிச்சு அதுக்கு மேலைதான் சேவ் பண்ணினனான்," என்றான் ஆரூரன். சிரிப்பு குறைந்துவிட்டது. "உதவியெண்டுதான் செய்தனான், கோசலா."

அந்த விளையாட்டில் ஒருமுறை போட்ட புள்ளியைத் திருப்பி எடுக்க ஏலாது. இரண்டு கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்த கள்ளி இப்போது ஓர் இரும்பு உருளை. கோசலா அவளை அழித்துவிட்டு எழும்பினாள். அன்று இரவு சாப்பாட்டின்போது ஆரூரன் என்ன கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அது போர் ஓய்ந்திருந்த 2004ஆம் ஆண்டு. கல்யாணம் முடித்து கோசலா புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தக் கொம்பியூட்டர் சுவிஸில் இருக்கும் ஆரூரனின் தமையன் லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. சீடியும் அவருடைய பிள்ளைகள் மறந்துவிட்டுப் போனதுதான். ஒரு சனிக்கிழமை பொழுது போகாமல் போட்டுப் பார்த்தவள், எப்படிப்பட்ட ஆளாக இருக்க விரும்புகிறாய் என்று அது கேட்டதும் கொஞ்சமும் யோசிக்காமல் கள்ளியைத் தெரிந்தெடுத்தாள். களவெடுப்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. மின்னி பத்துப் பேர் நிற்கும் முற்றத்தைக் கடந்து போவாள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பிடித்திருந்தது.

இந்த வீட்டில் யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. கேள்விதான் கேட்டார்கள். கிணற்றடிக்குப் போனால் மாமி அன்னபூரணம் குசினிக்குள் இருந்து, "எங்கை பிள்ளை போறீர்?" என்பார். அறைக் கதவைச் சாத்தினால், "என்ன, தலையிடியே?" என்பார். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினால் நேவிக்காரனும் அதே கேள்வியைத்தான் கேட்டான், எங்கே போகிறாய் என்று. ஒரு கேள்வியும் இல்லாத நேரம், வேலணைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைக்கும் நேரம்தான்.

ஒரு கிழமை கழித்து இரண்டாவது மின்னியை உருவாக்கினாள். இந்த முறை ஆரூரன் தொடவில்லை. ஆனால் கொம்பியூட்டர் இருந்தது நடு ஹோலில். மாமா தம்பிராசா தன் சாய்மனைக் கதிரையைத் திரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"வலப்பக்கம் ஒருத்தன் வாறான்!"

"தெரியும் மாமா."

"உங்கை, தூணுக்குப் பின்னாலை இன்னொருத்தன்! அவனைப் பாரும்!"

களவாகப் போவதற்குக் காதுதான் முக்கியம். காவலனின் காலடி கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்று கேட்டுக்கேட்டுத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். மாமாவின் குரலுக்கு மேலாகக் கோசலாவுக்கு ஒரு காலடியும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை மின்னி பிடிபடும்போதும் அவர், "நான் சொன்னனான்தானே," என்று வருத்தப்பட்டார். பின்னேரங்களில் பக்கத்து வீட்டு இரஞ்சிதமும் வந்து வாசற்படியில் குந்தத் தொடங்கினாள்.

அன்னபூரணத்துக்கு வேறு கவலை. "மற்ற வீட்டுக்கை பூந்து களவெடுக்கிறதே விளையாட்டு? படிப்பிக்கிற பிள்ளை விளையாடுற விளையாட்டே உது?"

"அது அரசன்ரை பணம், மாமி. அவன் கூடாத அரசன்."

"ஆரின்ரை பணமெண்டால் என்ன, களவு களவுதானே."

இதற்கிடையில் கரண்ட். அது நினைத்த நேரம் வரும், நினைத்த நேரம் போகும். கொம்பியூட்டருக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். கீச்சிட்டதும் சேவ் பண்ண ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஆனால் காவலர் பக்கத்தில் நிற்கும்போது சேவ் பண்ண அந்த விளையாட்டு விடாது. அரண்மனைச் சாவியை அவள் கடைசியில் எடுத்த அன்று யூ.பி.எஸ். கீச்சிட்டது, பக்கத்தில் இரண்டு காவலர். திரை இருண்டதும் கோசலா மேசையில் ஓங்கி அடித்தாள். தம்பிராசா பயந்துபோய்க் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

என்றாலும் அவள் விடவில்லை. சாவியைத் திரும்ப எடுத்தாள். ஒரு உயிரைக்கூடக் கொல்லாமல், ஒருவர் கண்ணிலும் படாமல், அரசனின் விருந்து மண்டபம் வரைக்கும் மின்னியைக் கொண்டுபோனாள். கிடைத்த புள்ளியெல்லாம் மெதுநடைக்கும் பூட்டுத் திறப்பதற்கும்தான் போட்டாள்.

விருந்து மண்டபத்தில் விளையாட்டு அவளிடமிருந்து மின்னியைப் பறித்துக்கொண்டது. மௌஸ் வேலை செய்யவில்லை. திரையில் படம் தானாக ஓடியது. அரசன் எழும்பி நின்று, "தூணின் பின்னால் நிற்பவளைப் பிடியுங்கள்," என்றான். எவ்வளவு திறமையாக ஒளித்தாலும் அந்த இடத்தில் பிடிபடத்தான் வேண்டும். கதையே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. மின்னியை மணல் பரப்பிய வட்டத் திடலுக்குள் தள்ளினார்கள். உச்சி வெயில், ஒதுங்க ஒரு நிழல் இல்லை. எதிரே பனைமரம் மாதிரி ஒரு மல்லன், கையில் சம்மட்டி. அவனை வென்றால்தான் மீதிக் கதை.

ஒரே அடி. மின்னி செத்தாள்.

மறுபடி போட்டாள். மறுபடி ஒரே அடி. திடலுக்குள் வந்ததும் விளையாட்டு தானாகவே சேவ் ஆகியிருந்தது. வெளியே போய் வேறு ஆயத்தத்தோடு வரவும் வழி இல்லை. ஓடிப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தாள். மின்னியின் கத்தி அவனுக்கு நுளம்புக்கடி. நாலு நாள் பின்னேரம் அந்தத் திடலிலேயே போனது.

"இப்பிடிச் செய்யிறதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே!" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "கள்ளியாயும் வரலாமெண்டு பெரிசாக் கேட்டுப்போட்டு, இஞ்சை கொண்டுவந்து மல்லனோடை விட்டால் என்ன நியாயம்?"

பின்னால் நின்ற ஆரூரன் மெதுவாக, "கொஞ்சமாவது பலத்துக்குப் போட்டிருந்தால்..." என்றான்.

"வாய் திறக்காதேங்கோ."

"சரி, சரி. விடும்." அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "உமக்கு ஒரு நல்ல செய்தி வைச்சிருக்கிறன். முடிஞ்சாப் பிறகு சொல்லுவமெண்டிருந்தனான். கல்விக் கந்தோரிலை விநாயகமூர்த்தி அண்ணையோடை கதைச்சனான். வாற தவணையிலை இருந்து நீர் இஞ்சை மடத்துவெளியிலையே படிப்பிக்கலாம். நடந்து போற தூரம். பஸ்ஸிலை இழுபடத் தேவையில்லை."

குசினிக்குள் இருந்து அன்னபூரணம், "நல்லதுதானே பிள்ளை. மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடலாம்," என்றார்.

கோசலா கதிரையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். "ஆர் கேட்டது?"

"நீர்தானே. பஸ் பிந்தினது, இறக்கி ஏத்தினது, மழையிலை நனைஞ்சது எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறீர்."

"சொன்னனான். மாத்திவிடச் சொன்னனானே? மார்கழியிலை சோதினை எழுதுற பிள்ளையள் என்ரை வகுப்பிலை இருக்கு. கணக்குக்கு அங்கை வேறை ஆள் இல்லை. அதுகளை நடுவிலை விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?"

"அதை நான் யோசிக்கேல்லை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நான் ஒண்டைக் கஷ்டமெண்டு சொன்னால் நீங்கள் அதைக் கேக்கிறதில்லை. உடனை ஓடிப்போய் ஒரு இரும்புச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிடுறியள். பிறகு எனக்கு நடக்கேலாமல் கிடக்கு."

அவள் குரல் உடைந்துவிட்டது. மாமா பேப்பரை மடித்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனார். இரஞ்சிதமும் எழும்பிவிட்டாள். ஆரூரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்குத் தலையிடியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேலணையில் இருந்து நேரே யாழ்ப்பாணம் பஸ் ஏறி, விநாயகமூர்த்தி வேலை செய்யும் கல்விக் கந்தோருக்குப் போனாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விநாயகமூர்த்தி நல்ல மனிதர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"ஆரூரன் தம்பி அவ்வளவு தூரம் கேட்டதாலைதான் நான் மேலை எழுதினனான், பிள்ளை."

"கேட்டது அவர், ஐயா. படிப்பிக்கிறது நான்."

"அது சரி. ஆனால் இப்ப நீர் தனிய வந்து வேண்டாமெண்டால் நான் என்னெண்டு மேலை சொல்லுறது? புருசன் பெண்சாதிக்குள்ளை ஏதும் பிரச்சினையோ எண்டு கேப்பாங்கள். அவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும்."

அவள் கேட்காத ஒன்றை நிறுத்துவதற்கும் அவன் வர வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் நெரிந்தது. மண்டைதீவுச் சந்திவரை ஒற்றைக் காலில் நின்றாள். கடற்காற்று முகத்தில் அடிக்க, விநாயகமூர்த்திக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்தக் கோபம் அல்லைப்பிட்டி தாண்டியும் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரூரனிடம் நடந்ததைச் சொன்னாள். "நாளைக்கு லீவு போடுங்கோ. என்னோடை வரவேணும்."

அவன் அன்றைக்குத் தர்க்கிக்கவில்லை. "நான் அண்ணைக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடட்டே?" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாறன்," என்றான்.

கந்தோரில் மத்தியானம்வரை வாங்கில் இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் ஆரூரன்தான் பழக்கத்தில் முந்திக்கொண்டான். "அண்ணை, இவவுக்கு என்னெண்டால்..." பாதியில் நின்றான். கழுத்தைத் துடைத்துக்கொண்டு கோசலாவின் பக்கம் திரும்பினான். "நீர் சொல்லும்."

அவள் சொன்னாள். சோதினைப் பிள்ளைகள் எத்தனை பேர், இன்னும் படிப்பிக்க இருப்பது என்ன, தானாக விரும்பிக் கேட்கும்வரை தன்னை மாற்ற வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். விநாயகமூர்த்தி பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "முழுக்க நிப்பாட்டேலாது. சோதினை முடியுமட்டும் பிந்தப்பண்ணலாம். தையிலை திரும்பப் பாப்பம்."

பாதிதான் கிடைத்தது. பஸ் நிலையத்தில் ஆரூரன் இரண்டு சோடா வாங்கிவந்தான். "என்னிலை பிழைதான்," என்றான். அவள் மறுக்கவில்லை. சோடாவைக் குடித்தாள்.

மூன்றாவது மின்னிக்கு கோசலா கத்திக்குக் கொஞ்சம் புள்ளி போட்டாள். விருப்பமில்லாமல்தான் போட்டாள், மல்லனை நினைத்து வேறு வழி இருக்கவில்லை. மெதுநடைக்குப் போக வேண்டியது குறைந்ததால் கோட்டை வாசலிலேயே பல முறை பிடிபட்டாள். ஒரு மாதம் எடுத்துத் திடலுக்கு வந்து சேர்ந்தாள். இந்த முறை மல்லனின் பலத்தில் பாதி போனது. மற்றப் பாதி போகவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு பின்னேரம் அவள் நனைந்து வந்தாள். பஸ் நிற்பாட்டாமல் போய்விட்டது, அடுத்தது ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது, பாலத்தடியில் மழைக்குள் இறக்கி வரிசையில் விட்டார்கள், பையில் இருந்த கொப்பிகள் எல்லாம் ஈரம். துவாயால் தலையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லச் சொல்ல இன்னும் கோபம் வந்தது. ஆரூரன் எதிர்க் கதிரையில் இருந்தான். இடையில் ஒரு முறை அவன் வாய் திறந்தது. கோசலா துவாயை நிறுத்திப் பார்த்தாள்.

"பிறகு?" என்றான் அவன்.

அவள் பிறகு நடந்ததைச் சொன்னாள்.