வெல்டரைத் தேடி வந்த சிறையறை

வெல்டருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சிறையறை, காத்திருந்து அலுத்துப்போய், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தானே நடந்து வந்து போதை மீட்பு இல்லத்தின் எதிரே நின்றது. கம்பிக் கதவு, சிமெண்டுக் கட்டில், மூலையில் கக்கூஸ், எல்லாம் முறையாக இருந்தன. பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

வெல்டர் செய்த குற்றம் சின்னதல்ல. சாராயக்கடையின் இரும்புக் கதவை அறுத்து, உள்ளே போய்க் குடித்து, அங்கேயே குப்புற விழுந்து தூங்கிவிட்டார். அந்தக் கதவைச் செய்துகொடுத்தவரும் அவர்தான். நீதிபதி அம்மா ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பினார். இடையில் குடித்தால் நேரே ஜெயில் என்றும் சொல்லி வைத்தார்.

இல்லத்தில் பூட்டு கிடையாது. இருந்தது ஒரே விதி: குடிக்கத் தோன்றினால் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படிச் சொல்லிவிட வேண்டும். வெல்டருக்கோ மானம் பெரிது. வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் அடக்க அடக்க, அறை நகர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் தெருவைக் கடந்து, படியேறி, அவர் கட்டில்கால் வரை வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டது.

பார்க்க வந்த அக்கா, அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது உன்னத் திங்க வந்திருக்கு. நீ என்னடான்னா புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்க?"

"வாய்விட்டுச் சொல்லக் கேவலமா இருக்குக்கா."

"கடைக்குள்ள கிடந்தத ஊரே வந்து பாத்துச்சே, அப்ப எங்கடா போச்சு இந்தக் கேவலம்? வாயத் தொற!"

வெல்டர் எழுந்தார். கம்பிகளைப் பார்த்துக் கத்தினார்: "எனக்குக் குடிக்கணும் போல இருக்கு! இப்பவே! குடம் குடமா! குடிக்க மாட்டேன் போ! உன்னால ஆனதப் பாத்துக்க!"

அறை ஒரு நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு பின்வாங்கியது.

சிகிச்சை முடிந்தது, வழக்கும் முடிந்தது. அறைக்கு மட்டும் தகவல் போகவில்லை போலும். அவர் பின்னாலேயே வந்து பட்டறைக்கு எதிரே நின்றுகொண்டது. வருடங்கள் ஓடின, வெல்டருக்குத் தலை நரைத்தது. ஆசை வரும்போதெல்லாம் அவர் முகமூடியை மேலே தள்ளிவிட்டு, தெருவே கேட்கக் கத்துவார். அறை தெருமுக்குவரை ஓடும். நகராட்சி ஆட்கள் லாரியோடு வந்தபோது, "இருக்கட்டும் சார், எங்க சண்டை இன்னும் முடியல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது அதற்குக் கதவு எண் உண்டு. கம்பிகள் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிப்பதும் வெல்டர்தான். வெளிப்பக்கம் மட்டும்.