காபிப் பாட்டுக்காரர்

டை முடிச்சு மூன்றாவது முறையும் கோணலாகத்தான் விழுந்தது. நெவென்கா அதை அவிழ்த்து, தன் கழுத்தில் கட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. முடிச்சைக் கலைக்காமல் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, அவர் தலைவழியாகப் போட்டு இறுக்கினாள். சாம்பல் நிற டை, அடர்நீலக் கோட்டு. போதும் என்று தோன்றியது.

பிணவறை ஊழியர் சுவரோரம் நின்றிருந்தார். ஏதோ மன்னிப்புக் கேட்பவர் போல முன்னால் வந்தார்.

"சிரிச்ச மாதிரி வைக்கலாம்னு பாத்தேம்மா. வாய் படியவே மாட்டேங்குது. டிவில எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாரே."

"விடுங்க. வீட்டுல இவ்வளவுதான் சிரிப்பார்."

ரியேகா துறைமுகத்தில் ததேயைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் தாடியஸ் மேஹ்யூ. அமெரிக்காவில் சவானா என்ற ஊர்க் கறுப்பர். முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு ஒரு பாட்டு நாடகக் குழுவோடு ஐரோப்பாவைச் சுற்ற வந்தார். இந்த ஊரில் இரண்டாம் நாள் ஆட்டத்தின் நடுவே குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். குழு அவரை விட்டுவிட்டு வியன்னாவுக்குப் போய்விட்டது. ஆறு வாரம் கழித்து எழுந்து வந்தவருக்கு, தன் கால்சட்டையே இடுப்பில் நிற்கவில்லை. நாடக அரங்கில் உடை தைத்துக்கொண்டிருந்த ஸோர்கா என்ற விதவை அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அதுதான் நெவென்கா. அதோடு சரி, ஸோர்காவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்; அவள் இறந்த பிறகும் ஊர் திரும்பவேயில்லை.

ஐந்து வருடம் ஆபரா இசைநாடகங்களில் கூட்டுப்பாடகர்களின் கடைசி வரிசையில் நின்று பாடினார். பிறகு ஒரு காபிக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொன்னிறப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு, கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கும் கோப்பை, நாற்பது நொடிப் பாட்டு.

*எழுந்திரு எழுந்திரு விடிஞ்சாச்சு*
*கோப்பையில காலை வந்தாச்சு*

ஊரில் ஏழெட்டு வீட்டில் மட்டும் டிவி இருந்த காலம். அந்த ஏழெட்டு வீட்டு ஜன்னலிலும் தெருவே தொங்கியது. ஒரே குளிர்காலத்தில் ததே நாட்டுக்கே தெரிந்தவரானார். பிறகு இசைத்தட்டு, திருவிழா மேடை, இரண்டு சினிமா. சினிமாவிலும் தட்டோடுதான் வந்தார்.

அப்போது நெவென்காவுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் அவளைப் பார்த்து அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். அவரோடு தெருவில் சேர்ந்து நடப்பதை நிறுத்தினாள். இருபதடி முன்னால் போவாள். அவரும் நடையைக் குறைத்துக்கொண்டு அந்த இருபதடியைக் கவனமாகக் காப்பாற்றுவார். அதைப் பற்றி இருவரும் என்றைக்கும் பேசியதில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், வளர்ந்த பிறகு.

"உங்களுக்குக் கோவமே வராதா, ததே? பஸ்ல ஏறினா பஸ்ஸே பாடுதே."

"அங்க வெள்ளைக்காரன் எதிர்ல வந்தா நான் நடைபாதையை விட்டு இறங்கணும், பொண்ணு. இங்க நான் வந்தா பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான்." கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார். "ரெண்டுல எது மேல்னு நான் கணக்குப் போட்டு முடிக்கல இன்னும்."

பிணவறையை விட்டு வெளியே வந்தபோது பர்தூல் படிக்கட்டில் காத்திருந்தார். அந்தக் காபி விளம்பரத்தை எடுத்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். கையில் மெல்லிய காகிதம் சுற்றிய மூட்டை. காகிதத்தின் கிழிசலில் சிவப்பு தெரிந்தது.

"பத்திரமா வெச்சிருந்தேன்மா. அந்துப்பூச்சி ஒண்ணு தொட்டதில்ல. இதைப் போட்டு அனுப்பலாம்னு..."

"உடுத்தியாச்சு மாமா."

"ஊருக்கு அவரை இதுலதானேம்மா தெரியும்."

"அவரோட அக்கா வர்றாங்க. அமெரிக்காவுலேர்ந்து. தம்பி ஆபரா பாடகர்னு நெனச்சிட்டு வர்றாங்க."

பர்தூல் மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அக்காளின் கடித உறைகளை அவரும் பார்த்திருக்கிறார். 'திரு. டி. மேஹ்யூ, ஆபரா பாடகர்' என்று எழுதியிருக்கும். தபால்காரர் அதை வாசித்துவிட்டுச் சிரிப்பார், கெட்ட மனதில்லாமல்தான்.

"பேண்டு வாசிக்கிறவங்ககிட்ட என்ன பாட்டு சொல்லியிருக்கீங்க?" என்று நெவென்கா கேட்டாள்.

அவர் காகிதத்தின் கிழிசலை விரலால் மூடினார். அதுவே பதில்.

"வேண்டாம் மாமா."

"நான் வேண்டாம்னா ஊரு வாயை மூடிருமா? எரநூறு பேரு வருவாங்க. பேண்டு வாசிக்கலேன்னா அவங்களே பாடுவாங்க."

"அப்ப மெதுவாவாவது வாசிக்கச் சொல்லுங்க. சொல்லு இல்லாம."

"மெதுவா வாசிச்சா அது அந்தப் பாட்டே இல்லையேம்மா!" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிறகு தலையாட்டினார். "சரி. சொல்றேன்."

ஒடெஸா மேஹ்யூ மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த தோள்கள். தலையில் கறுப்புத் தொப்பி. தம்பி பிழைக்கமாட்டான் என்று தந்தி கிடைத்ததும் கிளம்பியவள். அவள் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது இங்கே மூச்சு நின்றுவிட்டது. நெவென்காவின் கறுப்பு உடையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"நேத்து காலையில. தூக்கத்துல, அத்தை."

அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று அவள் முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. ஒடெஸா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"நீதான் ஸோர்கா பொண்ணா? கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினதெல்லாம் எனக்கு எழுதினானே."

நெவென்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கணக்கில் நூறு வாங்கிய வருடம்தான் அந்த இருபதடி தொடங்கிய வருடமும்.

வீட்டில் பக்கத்து வீட்டு யெர்கா மீன் சூப் வைத்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒடெஸாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ததேயிடம் ஆங்கிலம் கற்றவள் நெவென்கா மட்டும்தான்; இவர்களில் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அது யெர்காவுக்கு ஒரு பொருட்டே அல்ல.

"ஐயோ, அதே கண்ணு! அடியே நெவென்கா, இவங்ககிட்ட சொல்லு. எங்க வீட்டு அஞ்சு பிள்ளைங்களும் அவர் பாட்டைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திரிச்சதுன்னு சொல்லு. தட்டை ஏந்திக்கிட்டு அந்த ஆட்டம் ஆடுவாரே, அதையும் சொல்லு!"

"என்ன சொல்றா?" என்று ஒடெஸா கேட்டாள்.

"அவர் குரல் ரொம்பப் பிடிக்குமாம்."

"இவ்வளவு நேரம் பேசினாளே, அவ்வளவுதானா?"

"எங்க பாஷை கொஞ்சம் நீளம், அத்தை."

யெர்கா அதற்குள் ஒடெஸாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு அந்தப் பாட்டை முனகத் தொடங்கியிருந்தாள். நெவென்கா தடுப்பதற்குள் இரண்டு வரி முடிந்துவிட்டது. ஒடெஸா அசையாமல் நின்றாள். தொப்பிக்குக் கீழே நெற்றி சுருங்கியது.

"இது என்ன பாட்டு?"

"இங்க... சாவுக்குப் பாடறது."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நெவென்காவே ஒரு கணம் திகைத்தாள். ஒடெஸா நாற்காலியில் உட்கார்ந்து, சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

மேட்டுக் கல்லறை வளாகத்துச் சிறு கோவிலில் சவப்பெட்டி திறந்திருந்தது. ஒடெஸா தனியாக உள்ளே போனாள். நெவென்கா கதவருகே நின்றாள். ஒடெஸா அழும் சத்தம் கேட்கவில்லை. குனிந்து அவர் கோட்டின் தோளில் எதையோ தட்டிவிட்டாள். சட்டைக் காலரைத் தொட்டு, அதன் கஞ்சியை விரலால் சோதித்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, "நல்லா தேய்ச்சிருக்கே" என்றாள்.

இருநூறு பேர் என்று பர்தூல் சொன்னது குறைவு. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பாதை முழுக்க ஆட்கள். பஸ் ஓட்டுநர்கள் சீருடையில் வந்திருந்தார்கள். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். மலைக்காற்று அவர் அங்கியைத் தூக்கியது. பெட்டி இறங்கும்போது துறைமுகத் தொழிலாளர் பேண்டு தொடங்கியது.

மெதுவாகத்தான் வாசித்தார்கள். பர்தூல் சொல்லை மீறவில்லை. முதல் வரி முழுவதும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது வரியில் ஒருவர் கண்டுபிடித்தார். பிறகு பத்துப் பேர், பிறகு எல்லோரும். குழிக்கு முன்னால் நின்று காபியைப் பற்றிப் பாடக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு முனகினார்கள். நெவென்கா மண்ணைப் பார்த்தபடி, சீக்கிரம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போது பக்கத்தில் ஒடெஸா பாடத் தொடங்கினாள்.

*எழுந்திரு ஆத்துமாவே, விடிகிறது*
*அக்கரை விளக்கு தெரிகிறது*

அதே மெட்டு. ஆனால் அவள் அதை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஈரத் துணியைப் பிழிவதுபோலப் பிழிந்து, உதறி, அடுத்ததற்குப் போனாள். அந்தக் குரலுக்குக் காற்று ஒரு தடையாகவே இல்லை. கூட்டத்தின் முனகல் மெல்ல நின்றது. டிரம்பெட்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டார். பெரிய டிரம் மட்டும் அவளுக்குப் பின்னால், தயங்கித் தயங்கி வந்தது. மூன்று சரணம் பாடினாள். நெவென்காவைத் தவிர யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. யாரும் நகரவில்லை. பர்தூல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார்.

இறங்கி வரும் வழியில் ஒடெஸா நெவென்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"அது எங்கம்மா பாட்டு. தேய்ப்புப் பெட்டி பிடிச்சுக்கிட்டே பாடுவா. அவ போனப்போ நாங்க அதைத்தான் பாடினோம். அவன் வரல. எனக்கு அந்தக் கோவம் இருபது வருஷமா இருந்துச்சு." மூச்சு வாங்க நின்றாள். "இங்க ஒரு ஊருக்கே சொல்லிக் குடுத்திருக்கான். செத்தவங்களை அதைப் பாடித்தான் அனுப்பறீங்க. எனக்கு எழுதவே இல்லையே, படவா."

நெவென்காவின் வாய் திறந்தது. பின்னால் ஒரு பஸ் ஓட்டுநர் வந்து ஒடெஸாவின் கையைக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சொல்ல வேண்டியது நின்றுபோனது.

மறுநாள் காலை ஒடெஸா முதலில் எழுந்துவிட்டாள். நெவென்கா சமையலறைக்குள் வந்தபோது, அவள் கெண்டியைப் பிடித்துக்கொண்டு அலமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் காபி கிடைக்குமா, பொண்ணு? இந்த வயசுல அது இல்லாம கண்ணு திறக்காது."

வந்தவர்களுக்குப் போட்டுப் போட்டுத் தூள் தீர்ந்திருந்தது. நெவென்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கீழே போனாள். முனைக்கடையில் ஒரே ஒரு வகைதான் எப்போதும் இருக்கும். வேறு இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரி வியப்போடு பார்த்து, "உனக்கேவா?" என்றாள். திரும்பும் வழியில் தூளை வேறு டப்பாவில் கொட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே ஏறி, பாக்கெட்டை அப்படியே மேசைமேல் வைத்தாள்.

அதன்மேல் வரைந்த படத்தில் சிவப்புக் கோட்டு, தட்டு, வட்டக் கண்கள். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

ஒடெஸா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள். வெகுநேரம் பார்த்தாள். வெளியே ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது.

"இவனா?"

"ஆமா."

"காது இவ்வளவு பெரிசு இல்ல."

"இல்ல."

"அந்தப் பாட்டு இதுக்குத்தானா?"

"ஆமா, அத்தை. சாவுக்குப் பாடறதில்ல. நான் பொய் சொன்னேன்."

"ஆபரா?"

"அஞ்சு வருஷம். கடைசி வரிசையில."

ஒடெஸா தலையை ஆட்டினாள். ஆமோதிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாது.

"அம்மா இருந்திருந்தா விளக்குமாத்தால சாத்தியிருப்பா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்புறம், ரெண்டாவது வரியில அவசரப்பட்டுட்டான்னு வேற திட்டியிருப்பா."

நெவென்காவுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் சிரிப்பு. அது பாதியில் வேறாக மாறியதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் ஒடெஸா தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சத்தம், இழுப்பறை திறக்கும் சத்தம்.

"எத்தனை கரண்டி போடுவீங்க இந்த ஊர்ல?"

"ஆளுக்கு ரெண்டு."

நெவென்கா திரும்பிப் பார்த்தாள். ஒடெஸா பாக்கெட்டைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த மடிப்பை மெதுவாக, படத்தில் படாமல், நூல் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டிருந்தாள்.