கட்டி போன இடம்

அந்த மருத்துவக் கல்லூரியில் மூளைக் கட்டிகள் மாணவர் சொல்லைத் தட்டுவதில்லை. செய்முறைத் தேர்வில், நோயாளிக்குக் கட்டி எங்கே இருக்கிறது என்று மாணவர் சொன்னால், அது எழுந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சொன்ன பிறகும் நோயாளியிடம் மாற்றம் இல்லையென்றால் பாஸ். மாற்றம் தெரிந்தால் ஃபெயில்.

பூங்கோதை ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். முதல் முறை, எதிரே உட்கார்ந்திருந்தவரின் வலது கையை இடது கை என்று எடுத்துக்கொண்டாள். கட்டி மறுபக்கம் தாவியது. அடுத்த முறை சிறுமூளை என்று அடித்துவிட்டாள். அந்த மனிதர் தள்ளாடித் தள்ளாடி வீடு போய்ச் சேர, அவர் மனைவி ஊரைக் கூட்டிவிட்டாள். அதிலிருந்து பூங்கோதை வகுப்புக்குள் வந்தாலே எல்லாரும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவளும்தான்.

இந்த முறை கட்டிலில் இருந்தவர் பரோட்டா மாஸ்டர் சுயம்புலிங்கம். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் சோர்ந்து கிடந்தன. பூங்கோதைக்கு இடம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இடது மூளையின் ஆழத்தில், வலது பாதி உடம்புக்கான நரம்புகளெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகிற சந்து, இன்டர்னல் கேப்சூல். வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான விடை கையில் இருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சுயம்புலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மா, காலையிலேர்ந்து வந்த பிள்ளைய எல்லாம் சரியாச் சொல்லிட்டுப் போயிட்டாவ. கை அப்படியே கெடக்கு. நர்சம்மா உங்களப் பத்திச் சொன்னாவ. உங்களத்தான் மலைபோல நம்பியிருக்கேன்."

அவளை இதுவரை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

"அண்ணாச்சி, இந்தத் தடவை நான் படிச்சிட்டேனே."

அவர் முகத்தில் அசைகிற பாதி வாடிப்போனது. கை இல்லாமல் அடுப்படியில் தனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

பூங்கோதை கட்டிக்கு வேறு இடம் தேடினாள். முன்பக்கம் அனுப்பினால் கூச்சநாச்சம் போய்விடும். கடைக்கு வருகிறவர்களை என்ன பேசுவாரோ. பின்பக்கம் என்றால் பார்வை போகும். எதிரே காய்கிற பரோட்டாக்கல். காதோரம் என்றால் பேச்சு புரியாது. சால்னா கேட்டவருக்குத் தண்ணீர் வரும். அந்த மனிதரின் தலையில் சும்மா கிடக்கிற இடமே இல்லை. அவளுக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது.

"கட்டி என் தலையில இருக்கு சார்," என்றாள்.

தேர்வாளர் அருளப்பன், எந்தப் பக்கம் என்று கேட்டார். எந்தப் பக்கமானாலும் வசதியாக இருக்கும் என்றாள். சுயம்புலிங்கம் வலது கையைத் தூக்கி, காற்றில் ஒரு பரோட்டா வீசிப் பார்த்தார். மாற்றம் தெரிந்ததால் பூங்கோதை ஃபெயில். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

நோயாளி ஒருவர் குறைந்துவிட்டதால் மறுநாள் தேர்வுக்கு அவளையே கட்டிலில் உட்காரவைத்தார்கள். முதலில் வந்த மாணவன் டேனியல் கையைத் தூக்கச் சொன்னான், நாக்கை நீட்டச் சொன்னான், முட்டியைத் தட்டினான். கட்டி போய் உட்கார்ந்த இடத்தில் முன்பே எந்த வேலையும் நடக்காததால், எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"இந்தத் தலையில ஒண்ணுமே இல்ல சார்," என்றான்.

கட்டி சொல்லைத் தட்டவில்லை, போய்விட்டது. தலைக்குள் இருந்த மற்றவையும் கூடவே போய்விட்டன. பூங்கோதையின் தலை லேசாக மேலே எழும்பியது. அருளப்பன் அதைக் கவனித்து, டேனியலை ஃபெயிலாக்கினார்.

அவள் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுயம்புலிங்கத்தின் கடைக்குப் போனாள். அவர் வலது கையால் ஓர் எடைக்கல்லை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு, சால்னா ஊற்றவா என்றார்.