அலறினால்தான் உள்ளே

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நெடுங்காலமாக ஒரே சட்டம்தான்: யாருடைய துணையாள் பெரிதாக அலறுகிறாரோ, அவருடைய நோயாளிக்குத்தான் முதலில் கதவு திறக்கும். வாசல்காரர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காதை மட்டும் கொடுப்பார்.

நான் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் "போலாம், ரைட்" என்றால் அடுத்த ஊரில் நிற்கும் பேருந்தும் கிளம்பிவிடும். தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும், ஆட்டோ பிடிப்பதற்கு முன் என்னைத்தான் பிடிப்பார்கள். என் அலறலில் இருமல்காரர்களெல்லாம் ராஜா மாதிரி உள்ளே போயிருக்கிறார்கள். தெருவில் என் பெயரே ஹாரன்.

அன்று என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. சரி, எலுமிச்சை அளவு. பையைத் தூக்கிக்கொண்டு என் மச்சினனும் துணைக்கு வந்தான். தையற்கடைக்காரன், வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் வைத்திருக்கும் குண்டூசி விழுந்துவிடுமென்று பயந்தே பாதி ஆயுளைப் பேசாமல் ஓட்டியவன். ஆட்டோவில் முகமெல்லாம் வியர்த்துப்போய், தாடையைத் தடவிக்கொண்டே வந்தான்.

"என்ன மாப்ளே, அக்காவுக்குக் கால் பிசகினா உனக்கு ஏன் வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல மாமா, பல்லுவலி மாதிரி இருக்கு. நீங்க அக்காவப் பாருங்க."

வாசலை நெருங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "ஐயோ! உசிரு போகுதே! கால் கழண்டு தொங்குதே!" மூன்றாம் மாடியில் நினைவில்லாமல் கிடந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. யாரும் சொல்லவில்லைதான், ஆனால் உட்கார்ந்திருப்பார்.

வாசல்காரரைக் காணோம். அவர் இடத்தில் ஒரு மேசை போட்டு, புதிதாக வந்த தலைமை நர்ஸ் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் விரலில் மாட்டும் கிளிப்பு, ரத்த அழுத்தக் கருவி, சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிப்பட்டைகள்.

"கூட வந்தவங்க பேசக் கூடாது. நோயாளி மட்டும் உட்காருங்க."

"சிஸ்டர், இவ சாகக் கிடக்கா!"

"சாகக் கிடக்கறவங்க இப்படி முறைக்க மாட்டாங்க."

திரும்பினேன். மனைவி என்னை எரித்துவிடுவதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கிளிப்பை மாட்டினார், காலை அழுத்திப் பார்த்தார், மணிக்கட்டில் பச்சைப் பட்டையைக் கட்டினார். "சுளுக்கு. காத்திருக்கலாம்."

பச்சை! என் தொண்டைக்கு இப்படியொரு அவமானமா? அடுத்த அலறலுக்கு மூச்சை இழுத்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால், பையோடு சுவரில் சாய்ந்திருந்தவனைப் பார்த்தார்.

"அவர் யாரு?"

"என் தம்பி. துணைக்கு வந்தான்," என்றாள் மனைவி.

"நீங்க வந்து உட்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. வரிசைல இருக்கறவங்களப் பாருங்க."

"அத கிளிப்பு சொல்லட்டும்."

கிளிப்பு என்ன சொன்னதோ, சிஸ்டரின் முகம் இறுகியது. "வலி தாடையில மட்டுமா?"

"இடது கையிலயும் கொஞ்சம்..."

சிவப்புப் பட்டை. "ஸ்ட்ரெச்சர்! இதய வார்டு!"

ஸ்ட்ரெச்சர் வந்தது, வழிதான் இல்லை. தாழ்வாரம் முழுக்க என் ஜாதித் துணையாட்கள், அதாவது அலறல் ஜாதி. சிஸ்டர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. மச்சினனின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்கோ வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. காற்றுப் போன டயர்.

"ஊருக்கெல்லாம் கத்துவீங்களே, என் தம்பிக்குக் கத்த மாட்டீங்களா?" ஒற்றைக் காலில் எழுந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் மனைவி. ஹாரன் திறந்துகொண்டது.

"படில நிக்காத! முன்னாடி போ! எல்லாம் ஓரமா ஒதுங்கு!"

காலமெல்லாம் நடத்துனருக்குப் பயந்து நகர்ந்த ஜனம், பழக்க தோஷத்தில் இரண்டாகப் பிளந்தது. சிலர் சில்லறையைக்கூடத் தேடினார்கள். நடுவில் ஸ்ட்ரெச்சர் பறந்தது.

"ஒண்ணுமில்லன்னு உங்க மச்சினன் சொன்னதக் கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தா, உசிரு போயிருக்கும்," என்றார் மருத்துவர். மறுநாள் கண் விழித்ததும் மச்சினன் கேட்டான்: "மாமா, அக்கா கால் எப்படி இருக்கு?"

"உன்னை அடிக்க நடந்து வர்ற அளவுக்கு ஆயிடுச்சு மாப்ளே."

இப்போதெல்லாம் தினமும் காலையில் அந்தத் தாழ்வாரத்தில் நிற்கிறேன். சிஸ்டர் போட்ட வேலை: ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் கத்தலாம். நேற்று ஒருவர் வந்தார், நல்ல குரல்வளம். "ஐயோ, என் அண்ணன் சாகறான்!"

"சத்தத்துக்கு இங்க பட்டை கிடையாது சார். அண்ணனை உட்கார வைங்க," என்றேன்.

சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் பேசாமல் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.